கார்பரேட்டர் கோளாறு: நோய்முதல் காணும் முறை

முன்னுரை

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் இன்றும் சில வீடுகளின் பக்கத்தில், தகரக் கொட்டகைக்குள் ஒரு பழைய மகிழுந்து நிற்பதைக் காணலாம். மோரிஸ் மைனர், ஆஸ்டின், ஹில்மன், டத்சன் என வகை பலவாக இருக்கலாம். தோட்டத்துக் கிராணியோ பள்ளி ஆசிரியரோ மருந்தகப் பணியாளரோ ஒரு காலத்தில் வாங்கிய வண்டி அது. பால்மரக் காடு செம்பனையாக மாறியது. பிள்ளைகள் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தார்கள். வண்டி மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. அதனை வாரம் ஒருமுறை கிளப்புவார்கள், மாதம் ஒருமுறை சாலைக்குக் கொண்டு போவார்கள். ஒருநாள் அது நடுவழியில் நின்றுவிடும். பார்க்க வருபவர் யாராக இருந்தாலும், "கார்பரேட்டர் போச்சு" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நடப்பதை நாம் அறிவோம். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாற்றப்படும். பணம் கரையும். கோளாறு மட்டும் போகாது. இறுதியில் பழைய இரும்பு வாங்குபவரின் லோரியில் வண்டி ஏறிவிடும். நல்ல நிலையில் இருந்த வண்டிகள் பல இப்படித்தான் மறைந்தன.

கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டும் கலை நூல்களில் உள்ளது. அது இக்கட்டுரையின் நோக்கமன்று. எரிபொருள் கோளாறு எங்கே இருக்கிறது என்று எவ்வாறு கண்டறிவது என்பதையே இங்கு விளக்க விரும்புகிறேன். நான் இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவன். சீலியாவ் வட்டாரத்தில் உள்ள எங்கள் குடும்பத்து மோரிஸ் மைனரோடு நான் பழகியதும், ஓய்வுபெற்ற தோட்டப் பட்டறை ஃபிட்டர் ஒருவரிடம் கேட்டறிந்ததுமே இக்கட்டுரைக்கு அடிப்படை. கார்பரேட்டருக்குத் தமிழில் காற்றுக்கலப்பி எனப் பெயரிடலாம். எனினும் பட்டறையில் வழங்கும் சொல்லையே இங்குப் பயன்படுத்துகிறேன்.

1. எஸ்.யூ. கார்பரேட்டர்: ஓர் அறிமுகம்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. 1971 வரை ஏறத்தாழ 1.6 மில்லியன் வண்டிகள் தயாரிக்கப்பட்டன. 1956இல் வந்த மைனர் 1000 வகைக்கு 948 சி.சி. இயந்திரமும், 1962 முதல் 1098 சி.சி. இயந்திரமும் பொருத்தப்பட்டன. மலாயாவில் ஓடிய பிரிட்டிஷ் வண்டிகளில் இது மிகவும் அறிமுகமான ஒன்று. இலங்கைச் சாலைகளில் இதனை இன்றும் காணலாம்.

இவ்வண்டியில் உள்ளது எஸ்.யூ. வகைக் கார்பரேட்டர். எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கமாகும். ஸ்கின்னர் குடும்பத்தார் காலணி வணிகம் செய்தவர்கள். அவர்களுடைய தொடக்கக் காலக் கார்பரேட்டரில் தோலாலான துருத்தி ஒன்று இருந்தது. பின்னர் அதன் இடத்தை உலோகப் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. 1926இல் வில்லியம் மோரிஸ் அந்த நிறுவனத்தை வாங்கினார்.

கார்பரேட்டரின் வேலை காற்றையும் பெட்ரோலையும் உரிய விகிதத்தில் கலப்பதாகும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கலவை 'செறிவு' எனவும், குறைந்தால் 'மெலிவு' எனவும் கொள்வோம்.

எஸ்.யூ. கார்பரேட்டரில் இரண்டு பகுதிகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது மிதவைக் கலம். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மேலே எழுந்ததும் தண்ணீர் நின்றுவிடுகிறதல்லவா? அதே முறைதான் இங்கும். பெட்ரோல் ஒரு மட்டத்திற்கு வந்ததும் மிதவை எழுந்து ஊசி வால்வை மூடிவிடும். இரண்டாவது, பிஸ்டனும் அதனோடு இணைந்த கூர்ஊசியும். இயந்திரம் காற்றை இழுக்க இழுக்கப் பிஸ்டன் மேலெழும். கீழ்நோக்கிக் குறுகிச் செல்லும் ஊசியும் உடன் எழுவதால், ஜெட் துளையில் இடைவெளி கூடிப் பெட்ரோல் அதிகமாக வெளிவரும். காலைக் குளிரில் சோக் கம்பியை இழுத்தால் ஜெட் கீழே இறங்கி அதே விளைவைத் தரும்.

2. நடுவில் தொடங்குக

பெட்ரோல் செல்லும் வழி நேரானது. தொட்டி, குழாய், பம்பு, மிதவைக் கலம், ஜெட், இயந்திரம் என்பதே அதன் வரிசை. நாம் வழக்கமாக ஏதேனும் ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறோம். அதற்கு மாறாக நடுவிலிருந்து தொடங்கினால் ஒரே கேள்வியில் பாதி வழியை ஒதுக்கிவிடலாம். அந்த நடு இடம் மிதவைக் கலமாகும்.

வண்டி நின்றவுடன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கலத்தில் பெட்ரோல் இருக்கிறதா? இருந்தால் தொட்டி, குழாய், பம்பு ஆகிய மூன்றும் தம் கடமையைச் செய்துவிட்டன. கோளாறு ஜெட்டிலோ பிஸ்டனிலோ மின்பொறியிலோ இருக்க வேண்டும். கலம் வற்றிக் கிடந்தால் கார்பரேட்டரின் மற்றப் பகுதிகளைத் தொட வேண்டியதில்லை. ஊசி வால்வில் தொடங்கிப் பின்னோக்கித் தேட வேண்டும்.

நேரம் இங்கு மிக முக்கியம். வண்டி நின்று பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கலம் மீண்டும் நிரம்பியிருக்கலாம். நோய் இருக்கும்போதே நாடி பிடிக்க வேண்டும். பட்டறைக்கு இழுத்து வந்த பிறகு ஒழுங்காக ஓடும் வண்டியில் யாராலும் எதையும் கண்டுபிடிக்க இயலாது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வரும் 948ஆவது குறள், நோயையும் அதன் காரணத்தையும் அறிந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யுமாறு கூறுகிறது. மைனர் இயந்திரத்தின் 948 சி.சி.யோடு எண் ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் வரிசை தற்செயலன்று. பாகம் மாற்றுவது கடைசியில் வர வேண்டியது.

மூடியைத் திறக்கும் முன் சில எச்சரிக்கைகள்: இயந்திரம் சற்று ஆறட்டும். பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். அருகில் சிகரெட்டோ கொசுவத்தியோ இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவில் உள்ள நெருப்பையும் எட்டிவிடும். தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மூடியைப் பூட்டி, சிந்தியதைத் துடைத்து, ஆவி கலைந்த பிறகே மின்பொறியைச் சோதியுங்கள்.

3. பம்பு பேசும் மொழி

மோரிஸ் மைனரின் பெட்ரோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருகியதும் அது 'டிக் டிக்' என அடிக்கும். மிதவைக் கலம் நிரம்பியதும் அடங்கும். இந்த ஓசையைக் கேட்கத் தெரிந்தவருக்கு வேறு கருவி அதிகம் தேவைப்படாது. நான் குறித்துவைத்துள்ள நான்கு நிலைகள் வருமாறு:

அ) சில முறை அடித்து அடங்கினால் பெட்ரோல் கலத்திற்கு வந்துவிட்டது. இது நலமான ஓசை.

ஆ) விடாமல் விரைவாக அடித்து, கலமும் வற்றியிருந்தால் பம்பு பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. தொட்டி காலியாக இருக்கலாம்; பம்புக்கு முன்னுள்ள குழாயிலோ இணைப்பிலோ காற்று புகலாம்.

இ) விடாமல் அடித்து, கார்பரேட்டரின் வழிந்தோடும் குழாயில் பெட்ரோல் சொட்டினால் ஊசி வால்வு மூடவில்லை. வால்வில் தூசு சிக்கியிருக்கலாம். அல்லது மிதவை ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கலாம். பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சலசலக்கும். சூடான வெளிப்போக்குக் குழாயின் அருகே பெட்ரோல் சொட்டுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். இந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

ஈ) கலம் வற்றியிருந்தும் பம்பு அடிக்காமலோ, எப்போதாவது ஒருமுறை மட்டும் அடித்தோ நின்றால் காரணம் இரண்டில் ஒன்று. மின்சாரம் வரவில்லை அல்லது பம்பின் மின்முனைகள் கருகிவிட்டன என்பது ஒன்று. பம்பு நன்றாக இருந்தும் இழுக்க வழியில்லாமல் முன்பக்கம் அடைபட்டிருக்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமல்தான் பல நல்ல பம்புகள் குப்பைக்குப் போகின்றன.

4. செறிவா, மெலிவா?

வண்டி நிற்காமல், ஆனால் சரியாக ஓடாமல் இருந்தால் கலவையை ஆராய வேண்டும். முதற்சான்று பிளக். சிறிது தூரம் ஓடிய பின் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரிப்பொடி படிந்து கறுப்பாக இருந்தால் செறிவு. வெளுத்து வெண்மையாக இருந்தால் மெலிவு. இதனைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் இயந்திரம் மிகைச் சூடேறிப் பழுதாகும்.

இரண்டாவது சான்று பிஸ்டன். சூடேறிய இயந்திரம் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மேலே தூக்க வேண்டும். இதற்கென ஒரு சிறு ஊசி பல கார்பரேட்டர்களின் பக்கத்தில் இருக்கும். தூக்கியதும் இயந்திர வேகம் கூடி அப்படியே நீடித்தால் செறிவு. உடனே தடுமாறி நின்றால் மெலிவு. ஒரு கணம் சிறிதே கூடிப் பின் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி.

மூன்றாவது, இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பிஸ்டனை முழுவதும் தூக்கி விடுங்கள். 'டொக்' என்ற ஓசையுடன் அது அடியில் விழ வேண்டும். தயங்கி இறங்கினால் அழுக்கோ, ஊசி ஜெட்டில் உரசுவதோ காரணமாகும். பிஸ்டனையும் அதன் கூட்டையும் மணல்தாள் கொண்டு தேய்க்கக் கூடாது. அவை ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்யப்பட்ட இணை; தேய்த்தால் அளவு கெட்டுவிடும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தாலே போதும்.

கலவையைத் திருத்த ஜெட்டின் கீழுள்ள ஆறுபக்க நட்டைத் திருக வேண்டும். ஜெட் மேலேறினால் மெலிவு, கீழிறங்கினால் செறிவு. ஒரு நேரத்தில் நட்டின் ஒரு பக்க அளவு மட்டுமே திருப்பி, மீண்டும் சோதிக்க வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பயன் தந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் கருதுகின்றனர். 2009 முதல் நம் நாட்டில் விற்கப்படும் ரோன் 95 பெட்ரோலே மைனர் இயந்திரத்திற்குப் போதுமானது. ஆக்டேன் எண் இயந்திர இடிப்பைத் தடுக்குமே தவிர, அடைபட்ட ஜெட்டைத் திறக்காது.

5. தோட்டப்புறத்திற்கு உரிய காரணங்கள்

ஒரே வகைக் கார்பரேட்டர் இங்கிலாந்தில் ஒரு விதமாகவும் லிங்கியில் வேறு விதமாகவும் கெட்டுப்போகும். நம் சூழலைக் கருத்திற்கொள்ளாத நோயறிதல் முழுமை பெறாது.

முதலாவது செம்மண் தூசு. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடும் மண்பாதையில், காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். காற்று குறைந்தால் கலவை செறிவாகும். இங்கே ஜெட்டைத் திருகி மெலிவாக்குவது தவறான மருத்துவம். வடிகட்டியைத் துப்புரவு செய்வதே சரி.

இரண்டாவது ஈரப்பதம். பாதி காலியான தொட்டியில், இரவில் காற்று குளிரும்போது நீர்த்துளிகள் படியும். இரும்புத் தொட்டி உள்ளே துருப்பிடிக்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானதாகையால் அடியில் தங்கி, மிதவைக் கலத்திற்கும் வந்து சேரும். கலத்தின் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், அடியில் முத்துமுத்தாகத் தண்ணீரும் செந்நிறத் துருத்தூளும் தெரியும். தண்ணீர் கண்ட இடத்தில் ஜெட்டை மட்டும் ஊதித் துப்புரவு செய்தால் மறுவாரமே கோளாறு திரும்பும். தொட்டியையும் வடிக்க வேண்டும்.

மூன்றாவது ஓய்வு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிவிடும். எஞ்சியது பிசின்போல் ஒட்டி ஊசி வால்வையும் ஜெட்டையும் இறுக்கும்.

நான்காவது நமக்கு வியப்பூட்டலாம். நம் முன்னோர் சீவிய மரத்தின் ரப்பர் பெட்ரோலைத் தாங்காது. இயற்கை ரப்பரும் பெட்ரோலும் ஹைட்ரோகார்பன் இனத்தைச் சேர்ந்தவை. ஆதலால் பெட்ரோல் பட்டதும் ரப்பர் ஊறி, உப்பி, இளகிவிடும். கசியும் பெட்ரோல் குழாயில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றுவது ஆபத்தானது. கரைந்த துகள்கள் ஊசி வால்வை அடைப்பதோடு, சுற்றிய இடமும் மீண்டும் கசியும். பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட செயற்கை ரப்பர்க் குழாயைத்தான் பொருத்த வேண்டும்.

6. ஒரு நேர்வு

மேற்கூறிய முறையின் பயனை எங்கள் வண்டியைக் கொண்டே விளக்குகிறேன். பாட்டியைச் சிரம்பானுக்கு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், ரந்தாவைத் தாண்டி மம்பாவ் நெருங்குகையில் வண்டி சக்தியிழந்து நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். வெவ்வேறு பட்டறைகளில் காயில் மாற்றினார்கள், பம்பு மாற்றினார்கள். அடுத்து முழுக் கார்பரேட்டரையும் மாற்றச் சொன்னார்கள். வண்டியை விற்றுவிடலாம் என வீட்டில் பேச்சு எழுந்தது. அந்நிலையில்தான் அந்த ஃபிட்டரிடம் சென்றேன்.

"வண்டி நின்ன நேரத்துல பம்பு சத்தம் கேட்டுச்சா, தம்பி?"

"இல்லைங்க மாமா. சாவியத் திருகுனா ஒரு தடவ டிக்குன்னு கேக்கும். அதோட சரி."

"பத்து நிமிசம் கழிச்சு?"

"தானாவே அடிக்க ஆரம்பிச்சிடும்."

"அப்ப பம்பு நல்லாத்தான் இருக்கு. இழுக்க வழியில்லாம நிக்குது. எண்ணெய் முழுசா அடிச்சிருக்கும்போது சீக்கிரம் நிக்குதா, கொறைவா இருக்கும்போதா?"

பயணக் குறிப்பேட்டைப் பார்த்தேன். தொட்டி நிறைந்திருந்த நாள்களில்தான் விரைவில் நின்றிருந்தது. பாதித் தொட்டியோடு சென்ற நாளில் சிரம்பான் வரை போய்ச் சேர்ந்திருந்தது. பெட்ரோல் போதாத வண்டி, பெட்ரோல் நிறைந்திருக்கும்போது நிற்பானேன்?

விடை பாயில் விதியில் உள்ளது. தொட்டியிலிருந்து பெட்ரோல் வெளியேறும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கான சிறு துளை தொட்டியின் மூடியில் இருக்கும். துளை இல்லையென்றால் உள்ளிருக்கும் காற்று விரிந்து அழுத்தம் குறையும். நிறைந்த தொட்டியில் 3 லிட்டர் காற்றுதான் இருக்கிறது எனக் கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் செலவானால் அக்காற்று 4 லிட்டராக விரிந்து, அழுத்தம் முக்கால் பங்காகக் குறையும். 15 லிட்டர் காற்று இருந்தால் அதே ஒரு லிட்டருக்கு அழுத்தம் பதினாறில் ஒரு பங்குதான் குறையும். நிறைந்த தொட்டி விரைவில் பம்பைத் தோற்கடிப்பது இதனால்தான். வண்டி நின்றபின் மூடியின் இடுக்கு வழியே காற்று மெல்லக் கசிந்து நுழைய, பத்து நிமிடத்தில் வண்டி பிழைத்துக்கொள்கிறது.

அடுத்த முறை வண்டி நின்றதும் பின்பக்கம் சென்று மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. அதே கணம் முன்பக்கத்தில் பம்பு அடிக்கத் தொடங்கியது. தொலைந்துபோன பழைய மூடிக்குப் பதிலாக, துளையில்லாத வேறொரு வண்டியின் மூடி பொருத்தப்பட்டிருந்தது.

துளையுள்ள மூடியை மாற்றினோம். ஃபிட்டர் அத்தோடு விடவில்லை; கழற்றி வைத்திருந்த பழைய பம்பையும் பழைய காயிலையும் மீண்டும் பூட்டச் சொன்னார். நிறைந்த தொட்டியோடு மூன்று முறை சிரம்பான் சென்று வந்தோம். வண்டி நிற்கவில்லை. மாற்றப்பட்ட பாகங்கள் குற்றமற்றவை என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. கோளாறு போய்விட்டது என்று அறிவதைவிட, அது எதனால் போனது என்று அறிவதே நோயறிதலின் நிறைவு.

முடிவுரை

1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும் கார்பரேட்டர் வண்டியே. ஆகவே இந்த அறிவு ஆங்கிலேயர் காலத்து வண்டிகளோடு முடிந்துவிடுவதன்று. இன்றைய வண்டிகளில் கணினி கோளாற்றைப் படித்துச் சொல்கிறது. பழைய வண்டியில் அந்த வசதி இல்லை. காதும் கண்ணும் ஒரு குறிப்பேடும்தான் கருவிகள்.

தோட்டப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களிடம் இத்தகைய அறிவு நிறைய உண்டு. பலர் அதனை எழுதிவைக்கவில்லை. கேட்டால் தமிழிலேயே தெளிவாகச் சொல்கிறார்கள். பாயில் விதியின் பெயரைக் குறிப்பிடாமலேயே அதன் பயனை எனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு ஃபிட்டர். அவர்கள் முதுமை அடைந்துகொண்டிருக்கிறார்கள். அறிவியலும் பொறியியலும் பயிலும் மாணவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, தத்தம் வட்டாரத்தில் உள்ள இப்படிப்பட்ட ஒருவரையேனும் சந்தித்து, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே குறித்துவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வண்டியைக் காப்பாற்ற அது உதவும். தொழில்நுட்பத் தமிழுக்கும் அதனால் சொற்கள் கிடைக்கும்.